சோறு மட்டும்தான் கொடுத்தோம்

என் மகளுக்கு முதல் சோறு ஊட்டியது ஒரு மாசி மாதத்தில், திருவையாற்றுக்கு அப்பால் என் மாமனாரின் ஊரில் இருக்கும் குலதெய்வக் கோயிலில். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். தாய்மாமன் முறைக்கு என் அண்ணன் அவளை மடியில் வைத்துக்கொண்டான். மாமனார் அந்த வருஷத்துப் புது நெல்லில் கொஞ்சம் ஒதுக்கி, மில்லுக்குக்கூட அனுப்பாமல், ஊரில் யார் வீட்டிலோ உரல் இருக்கிறதென்று தேடிப்போய்க் குத்தி வாங்கி வந்திருந்தார். அதைக் குழைய வேகவைத்து, பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்து மசித்திருந்தோம். ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். அவள் நாக்கை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டாள். "விவசாயி வீட்டுப் பொண்ணுல்ல" என்று மாமனார் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனார் ஊரில் தனியாக இருந்து, தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, இருக்கிற நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் விற்றுவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் வீட்டில் கடை அரிசி நுழைந்ததே இல்லை. மூட்டை தீரப்போகும் நேரம் அவருக்கு எப்படியோ தெரியும், தானே கொண்டுவந்து இறக்கிவிடுவார். வந்தால் முதல் வேலையாகச் சோற்றைப் பிசைந்து பார்த்து, "வடிக்கிறப்ப அவசரப்படறீங்க" என்று ஒரு குறை சொல்வார். எனக்கும் அவருக்கும் அந்த அளவுக்கு ஒத்துப்போனது.

கோயிலிலிருந்து நாங்கள் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டோம். மதியம் அவளைத் தூங்கவைக்கப் போனேன். திடீரென்று வாந்தி எடுத்தாள். குழந்தைகள் கக்குவது சகஜம்தானே என்று துடைத்துவிட்டேன். மறுபடியும் எடுத்தாள். முதலில் சோறு, பிறகு பால், பிறகு மஞ்சளாகத் தண்ணீர், கடைசியில் ஒன்றுமே வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. அதற்கப்புறம் நின்றுவிட்டது, அதுதான் இன்னும் மோசம். உதடு சாம்பல் பூத்துவிட்டது. தலை என் தோளில் நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த பெரிய டாக்டர் அனுபவசாலி, அன்பாகப் பேசக்கூடியவர். "புதுசா எதாவது குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், புதுசா ஒண்ணும் குடுக்கல. சோறு மட்டும்தான் குடுத்தோம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோயில் கூட்டமா, வெளித்தண்ணீரா, நெய் கடையில் வாங்கியதா என்றெல்லாம் விசாரித்தார். ஏதோ கிருமியாக இருக்கும் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது, "வயிறு சரியாகிற வரைக்கும் கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க. அதவிட நல்லது கிடையாது" என்றார்.

அந்த அறையில் நான் இருந்தேன், பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர் இருந்தார், என் அண்ணன் இருந்தான், டாக்டர் இருந்தார். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் கத்தரிக்காய் அரிக்கும், கருவாடு சிலருக்கு ஆகாது, பலாப்பழம் வயிற்றை வலிக்கும். சோற்றை யாரும் அந்த வரிசையில் வைத்ததில்லை. உடம்புக்கு முடியாவிட்டால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுக் கொடுப்பதுதான் சோறும் கஞ்சியும். பிறந்ததிலிருந்து ஒரு சாப்பாட்டையும் தொடாத குழந்தைக்கு அன்றுதான் முதன்முதலாகச் சோறு கொடுத்திருக்கிறோம், நான் டாக்டரிடம் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை என்கிறேன், அவரும் சரி என்கிறார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். மாமனார் கொடுத்த அரிசியை வறுத்து, உடைத்து, வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தேன். அவள் ஆசையாகத்தான் குடித்தாள். அன்று மதியமே மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில். இந்தத் தடவை கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று காலில் குத்தினார்கள். ஊசி குத்தியபோது அவள் அழவில்லை. அழாத குழந்தையைப் பார்ப்பது எவ்வளவு பயங்கரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண் பட்டிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சுற்றிப் போட்டார்கள். நெய்யை நிறுத்தினோம், பருப்பை நிறுத்தினோம், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தோம், ஊட்டுகிற பாலாடையை மாற்றினோம். கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வாழைப்பழம் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சரி, தேறிவிட்டாள் என்று ஒரு நாள் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரி.

அதற்குப் பிறகு திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று தடவையும் வாந்தி வருவதற்கு முன்னால் குழந்தை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"ஒரு தடவை சோறு, ஒரு தடவை கஞ்சி, ஒரு தடவை இட்லி. மூணும் வேற வேற டாக்டர்."

அவர் மூன்றையும் ஒரு தாளில் எழுதினார். "மூணும் அரிசிதானேங்க?"

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். என் கணவரும் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. தோலில் தடிக்கிற, மூச்சு முட்டுகிற அலர்ஜி வேறு, இது குடலுக்கு வருகிற அலர்ஜி என்று பொறுமையாக விளக்கினார். தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனையில் தெரியாது. சாப்பிட்டவுடனே ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேரம் போல நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும், அப்புறம்தான் வாந்தி எடுத்து, உடம்பில் நீர் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, துவண்டுவிடும். சில குழந்தைகளுக்குப் பாலில் வரும், சிலருக்கு வேறு எதிலாவது வரும், அரிசியிலும் வரும். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். அதுவரை அரிசியே கூடாது. தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றார். என் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

மாமனாருக்கு நான்தான் போன் பண்ணினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அரிசியாம்மா?" என்றார்.

"ஆமா மாமா."

"நம்ம அரிசியா?"

"எல்லா அரிசியும்தான் மாமா."

நான் சொன்ன இரண்டாவது பதில் அவர் காதில் ஏறவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அரிசி இல்லாமல் ஒரு குழந்தையை இந்த ஊரில் வளர்ப்பது என்னவென்று யாராவது வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அரிசி எங்கேதான் இல்லை? வாசல் கோலத்தில் இருக்கிறது. தவழ்ந்துபோய் அதைத் தொட்டு விரலை வாயில் வைத்துவிட்டாள் என்று, கல் மாவுக்கு மாறினோம். முறுக்கில் இருக்கிறது, பொரியில் இருக்கிறது, கடையில் விற்கும் சத்துமாவில் முதல் பொருளாக இருக்கிறது. கேழ்வரகு அரைக்கப் போனால், மாவு மில்லில் முன்னால் அரைத்தவர்களின் அரிசி மாவு இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கெட்டிமேளம் கொட்டியதும் மண்டபமே எழுந்து அட்சதையை வீசியது. எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் என் மகளின் தலைமுடியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காரில் எப்போதும் ஒரு பச்சை பிளாஸ்டிக் பேசின் இருக்கும். வாந்திக்கு. எங்கே போனாலும் அது கூட வரும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மனுஷர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. நாள் முழுக்கப் பட்டா, சிட்டா, அடங்கல். பொறுமைக்கும் எனக்கும் தூரம், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைக் கேட்டால் தெரியும். "சோறு குடுக்கறதில்லையாமே?" என்று ஆபீஸிலேயே ஒரு அம்மா கேட்டார். நான் விளக்கினேன். "கொஞ்சூண்டு குடுத்துப் பழக்கிடணும். எம் பேரன்கூடப் பால்னா கக்குவான்" என்றார். மூன்று பேருக்கு விளக்கினேன், முப்பது பேருக்கு விளக்கினேன். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியில், மருமகள் ஏதோ டயட் என்று பச்சைக் குழந்தைக்குச் சோறு போடாமல் காயப்போடுகிறாள் என்று ஊரில் பேச்சு. ஒரு ஆள் என் காதுபடவே சொன்னார். பிச்சைக்காரனுக்குக்கூட முதலில் சோறு போடுகிற ஊர், நான் பெற்ற பிள்ளைக்குப் போடவில்லையாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆளிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மாமனார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு யோசனை சொல்லவில்லை. வரும்போது பேத்திக்கு வாழைத்தாரும் இளநீரும் கொண்டுவந்தார். இந்த மனுஷருக்காவது புரிந்ததே என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போனது. அந்த வருஷம் ஆவணியில் அவர் திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய் யாரிடமோ பழைய ரகத்து விதைநெல் வாங்கி வந்தார் என்றும், வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் யூரியா போடாமல், மருந்தடிக்காமல், சாணியும் தழையும் மட்டும் போட்டு வளர்க்கிறார் என்றும் என் கணவர் சொன்னார். "சுகர் இருக்குல்ல, அதுக்காக இருக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. நடப்பாள், ஓடுவாள், ஒரு இருபது வார்த்தை பேசுவாள். நான் இரண்டு பானை வைத்தேன், சாமிக்கு அரிசிப் பொங்கல், அவளுக்குத் தினைப் பொங்கல். கரண்டிகூடத் தனித்தனி. படைத்து முடித்ததும் கணவர் கோயிலுக்குப் போனார். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். குழந்தை தாத்தாவிடம் இருந்தாள்.

திரும்பி வரும்போது அவர் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவர் மடியில். முன்னால் ஒரு துண்டு வாழையிலை. இலையில் செம்மை படிந்த சோறு, ஆவி பறந்தது. அவள் மோவாயிலும் கன்னத்திலும் பருக்கை ஒட்டியிருந்தது. "இன்னொரு வாய்" என்று அவர் உருட்டிக்கொண்டிருந்தார், அவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"மாமா, என்ன குடுக்கறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவரிடம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"பயப்படாதம்மா. நீ சொன்ன அரிசி இது இல்ல. இதுக்கு ஒரு சொட்டு மருந்தடிக்கல. இவளுக்குன்னே போட்டது."

திருட்டுத்தனமாகக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஒளிக்கவே இல்லை. டாக்டர் சொன்னதைத் தான் அப்படியே செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அரிசியில் குறை என்றால் வளர்த்தவன் கையில் குறை, அதைத் தீர்த்துவிட்டால் தீர்ந்தது. ஒரு போகம் முழுக்க அதற்காகத்தான் சேற்றில் நின்றிருக்கிறார். நாங்கள் வேறு வேறு பாஷை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம், எனக்குத் தெரியவே இல்லை.

"எவ்வளவு சாப்பிட்டா?" என்று கேட்டேன்.

"வயிறு ரொம்பச் சாப்பிட்டா" என்றார் பெருமையாக.

கணவரை வரவழைத்து உடனே கிளம்பினோம். மாமனார் ஒன்றும் புரியாமல் கூடவே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பொங்கல் நாள், ரோடெல்லாம் கரும்பு வண்டி. திருவையாற்றுப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. பின்சீட்டில் என் மடியில் அவள் காக்காய் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கைதட்டினாள். ஜன்னல் வழியாக மாட்டைக் காட்டி "மா" என்றாள். நான் அவள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தக் கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர் இல்லை, பண்டிகை. டியூட்டியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். அவள் அவருடைய மேஜையிலிருந்த பேனாவைப் பிடுங்கி விளையாடினாள்.

"குழந்தை நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல இருக்க மாட்டா டாக்டர். அரிசி சாப்பிட்டிருக்கா. இப்பவே நரம்பு பாத்து ஊசி போட்டு வைங்க, அப்புறம் கிடைக்காது."

"அரிசிக்கா?" என்றார். பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தார். "அரிசிக்கெல்லாம் அப்படி வராதும்மா. பயப்படாம வீட்டுக்குப் போங்க."

நான் போகவில்லை. கத்தினேன். திருச்சி டாக்டரைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மகள் பேனாவைக் கீழே போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்பது மாதிரி. அப்புறம் வாந்தி எடுத்தாள்.

அந்த இளம் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதற்குள் துவண்டுவிட்டாள். சிவந்த சோறு அப்படி அப்படியே பச்சை பேசினில் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பாடிய வாய் வெளுத்துத் தொங்கியது. நரம்பு கிடைக்கவில்லை, ஒரு கை, இன்னொரு கை, கால். மாமனார் அதுவரை இதை நேரில் பார்த்ததில்லை. கோயிலில் ஊட்டிய அன்றும் நாங்கள் தஞ்சாவூர் வந்த பிறகுதான் நடந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று, "மருந்தே அடிக்கலியே... ஒரு சொட்டு அடிக்கலியேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உங்க நெல்லுதான் மாமா" என்றேன். "உங்க நெல்லுதான் இவளக் கொல்லுது."

அவர் தன் இரண்டு கையையும் பார்த்தார்.

சாயங்காலத்துக்கு மேல் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். பிழைத்தாள். அந்த வாய்க்கால் ஓரத்து நெல் முழுவதையும் மாமனார் ஊருக்குப் போனதும் மாட்டுக்கு வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. அரிசி மூட்டை மட்டும் வரும், அதையும் எங்கள் மாடி வீட்டுக்குக் கொண்டுவராமல் கீழேயே வைத்துவிட்டுப் போவார். எப்போதாவது மேலே வந்தால் நேரே குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். "கழுவிட்டேம்மா" என்று இரண்டு உள்ளங்கையையும் என்னிடம் விரித்துக் காட்டுவார். அதற்கப்புறமும் அவளைத் தூக்க மாட்டார். வேண்டாம் மாமா, இதெல்லாம் எதுக்கு என்று எத்தனையோ தடவை சொன்னேன். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

அவள் வளர்ந்தாள். யார் எதை நீட்டினாலும், "எனக்குச் சோறு ஒத்துக்காது" என்று கணீரென்று சொல்லப் பழக்கியிருந்தேன். யார் கொடுத்தாலும் வாங்கக்கூடாது, டீச்சர் கொடுத்தாலும் கூடாது, சாமி பிரசாதம் என்றாலும் கூடாது. நாலு வயதானபோது திருச்சி டாக்டர், இப்போது கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் வைத்து, கையில் ஊசியைத் தயாராகக் குத்திவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் கண்காணிப்பார்களாம். சோறு நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

எந்த அரிசி? வீட்டில் மாமனாரின் மூட்டை இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் ஒரு டம்ளர் ரேஷன் அரிசி வாங்கி வந்து வடித்தேன். ஒருவேளை ஒத்துக்கொள்ளாமல் போனால், அது நம் வீட்டு நெல்லாக இருக்கக்கூடாது. யார் விளைவித்தது என்று யாருக்கும் தெரியாத அரிசியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மாமனாரும் வந்தார். நான் கூப்பிடவில்லை, தானாகவே முதல் பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

டப்பாவைத் திறந்து, ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, டாக்டர் காதில் விழாமல், என்னைக் காப்பாற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இது சோறும்மா."

"தெரியும்டா கண்ணு. இன்னிக்குத் திங்கலாம்."

"யார் குடுத்தாலும் திங்கக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

நாலு வயதுக் குழந்தை கேட்கிறது, அந்த 'யார்' என்பதில் நீயும் உண்டா இல்லையா என்று. டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் இருக்கேன், நர்ஸ் அக்கா இருக்காங்க, ஊசிகூடப் போட்டாச்சு, ஒண்ணும் ஆகாம பாத்துக்குவோம் என்று பேசிப் பேசித் தேற்றினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்ப என் பேசினக் குடு" என்றாள்.

பச்சை பேசினை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சோறு தின்றாள். முகத்தில் ருசி தெரிந்த மாதிரி இல்லை. கடமைக்கு விழுங்கினாள். பிறகு காத்திருந்தோம். கார்ட்டூன் போட்டுக் கொடுத்தார்கள், பார்த்தாள். கலர் பென்சில் கொடுத்தார்கள், பேசினை விடாமல் ஒரு கையால் தீட்டினாள். "எப்பம்மா வாந்தி வரும்?" என்று இடையிடையே கேட்டாள், பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி. நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஆரம்பிக்கும் நேரம் வந்தது. தாண்டிப்போனது. அதற்கப்புறமும் வெகுநேரம் தாண்டிப்போனது. உதடு சிவப்பாகவே இருந்தது.

டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு, "இனிமே சோறு குடுக்கலாம்" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வராண்டாவுக்கு வந்தோம். மாமனார் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவர் பார்வை முதலில் குழந்தையின் முகத்துக்கும் பிறகு பேசினுக்கும் போனது. பேசின் காலியாக இருந்தது.

"ஒத்துக்கிச்சு மாமா" என்றேன்.

அவர் "எந்த அரிசிம்மா?" என்று கேட்டார்.

எத்தனை வருஷமானால் என்ன, இந்த மனுஷர் வேறு எதைக் கேட்பார். நான் யோசிக்கக்கூட இல்லை.

"உங்க நெல்லுதான் மாமா. கீழ வச்சிட்டுப் போனீங்களே, அந்த மூட்டை."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"அதுக்கு மருந்தடிச்சனேம்மா" என்றார். "புகையான் பூச்சின்னு... ரெண்டு வாட்டி அடிச்சனே."

தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து குனிந்துவிட்டார். உடம்பு குலுங்கியது, சத்தமே வரவில்லை.

என் மகள் அவரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தர் குலுங்கினால் அடுத்து என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். என் கையை உதறிவிட்டு ஓடிப்போய், தாத்தாவின் மோவாய்க்குக் கீழே பச்சை பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.